படத்தில் உட்கார்ந்திருந்தவன்

கொட்டும் மழையில் அவன் ஓடி வந்தான். ஓடியதோடு விடாமல், தேங்கிய தண்ணீரை ஒரே எட்டில் தாண்டி, அவள் நின்றிருந்த பஸ் நிறுத்தத்துக்குள் குதித்தான். அவள் ஒரு அடி பின்னால் நகர்ந்தாள்... மூன்று மாதமாக அவனைச் சுவரொட்டியில் நடக்க முடியாதவனாக்கி ஊரெங்கும் ஒட்டி வைத்திருந்தவளே அவள்தான்.

நிறுத்தத்தின் சுவரிலும் அந்தச் சுவரொட்டி இருந்தது. சக்கர நாற்காலியில் அவன். கீழே, 'ஏக்கம் நிறைந்த இந்தக் கண்களுக்கு இனி ஏற்றம்' என்று அவள் பத்து நிமிஷத்தில் எழுதிய வரி. பொதுக் கட்டடங்களுக்குள் எல்லோரும் போய்வர வழி செய்ய இரண்டு நாடுகள் சேர்ந்து நடத்தும் திட்டம் அது. நூலகத்தில், சக்கர நாற்காலியோடு ஏறும்படி ஒரு லிஃப்ட் வைத்தார்கள். அந்தத் திட்ட அலுவலகத்தில் அறிக்கையும் விளம்பரமும் எழுதுவது அவள் வேலை. நாற்பது படங்களில் இதைத் தேர்ந்தெடுத்ததற்கு அந்தக் கண்கள்தான் காரணம். ஆள் யார் என்று ஒருவரையும் கேட்கத் தோன்றவில்லை.

அவள் பார்வை சுவருக்கும் தனக்கும் போய்ப் போய் வருவதை அவன் பார்த்துவிட்டான்.

"நான்தாங்க அது. பயப்படாதீங்க... அற்புதம் எதுவும் நடக்கல. நான் லிஃப்ட் மெக்கானிக். எடை தாங்குதான்னு உக்காந்து பாத்தேன், யாரோ போட்டோ எடுத்துட்டாங்க."

"அப்போ அந்த... ஏக்கம்?" கேட்டே விட்டாள்.

"கதவு சரியா மூடுதான்னு பாத்துட்டு இருந்தேன்."

சிரித்தான். அவளும் சிரித்துத் தொலைத்தாள். இமையில் மழைத்துளி நிற்க ஒருவன் அப்படிப் பார்த்தால் யாருக்குத்தான் புத்தி வேலை செய்யும்?

பஸ் வரும்வரை அவன்தான் பேசினான். நாற்காலியில் உட்கார்ந்ததில் அவனுக்கு ஒரு குறையும் இல்லையாம். அவன் அக்காவே சக்கர நாற்காலியில் போய்வருகிறவள்தான், கணக்கு டீச்சர். சுவரொட்டியை நம்பி அக்கா நூலகத்துக்குப் போயிருக்கிறாள். லிஃப்ட் பழுது. வாசலோடு திரும்பி வந்துவிட்டாள். பேட்டரி மாற்றப் பணம் ஒதுக்குங்கள், அதுவரை சுவரொட்டியையாவது எடுத்துவிடுங்கள் என்று அவன் திட்ட அலுவலகத்துக்குக் கடிதம் எழுதி ஒரு மாதமாகிறது.

"எந்தப் புண்ணியவான் மேஜையில தூங்குதோ..."

புண்ணியவதி பக்கத்திலேயே நின்றிருந்தாள். திட்டத்தைப் பார்வையிடக் கூட்டாளி நாட்டுக் குழு வந்து போகட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அந்தக் கடிதத்தை இழுப்பறைக்குள் தள்ளியவள் அவள்தான். காது மடல் எரிந்தது. எங்கே வேலை என்று அவன் கேட்டபோது, ஒரு ஆபீஸில் என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் வரும் திசையைப் பார்த்தாள்.

மறுநாள் காலை கடிதத்தை எடுத்துக்கொண்டு மேலாளரிடம் போனாள். குழு வருகிற நேரத்தில் பழுது என்று எழுத்தில் எதுவும் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தார். மறுபேச்சு பேசாமல் வாங்கிக்கொண்டாள். வெட்கக்கேடு ஒன்று இரண்டாயிற்று.

சாயங்காலம் அவன் நிறுத்தத்தில் நின்றிருந்தான்... அதற்கு அடுத்த நாளும். நாலாம் நாள் இருவரும் பஸ்ஸைப் பார்க்காத மாதிரி தவறவிட்டார்கள். இன்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் தினமும் வருவாள். அவன் திரும்பிப் பார்த்ததும் வாய் பூட்டிக்கொள்ளும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறோமே என்று வீட்டுக்குப் போய்த் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள்.

குழு வந்தது. அதன் தலைவி, தலை நரைத்த ஒரு அம்மாள், படத்தில் இருப்பவரோடு பேச ஆசைப்பட்டார். மேலாளர் அசரவில்லை. லிஃப்ட் கம்பெனிக்குப் போன் போட்டு மெக்கானிக்கை வரவழைத்தார். கூட்ட அறையில் ஒரு சக்கர நாற்காலியும் தயாராயிற்று. அரைமணி உட்கார்ந்தால் போதும், அவனிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு என்றார் அவளிடம்.

கதவைத் திறந்தவன் அவளைக் கண்டு மலர்ந்தான்... பிறகு அவள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தான். காலி நாற்காலியைப் பார்த்தான். அந்த முகம் வாடியதை அவள் சாகும்வரை மறக்கப் போவதில்லை.

"அந்த வரி... நீங்க எழுதினதா?"

"ஆமா."

"லெட்டர்?"

"என்கிட்டதான் இருக்கு."

பக்குவமாகச் சொல்ல அவளிடம் ஒன்றும் இல்லை. குழுத் தலைவியோடு மேலாளர் உள்ளே வந்ததும், தலைவியின் பக்கம் திரும்பி எல்லாவற்றையும் சொன்னாள். இவர் மெக்கானிக், பேட்டரி போய் லிஃப்ட் ஓடவில்லை, நம்பிப் போன ஒருத்தி வாசலோடு திரும்பினாள், தெரிந்தும் மறைத்தது நான். மேலாளர் இருமி இருமிப் பார்த்தார். அவள் நிறுத்தவில்லை. கடைசிவரை சொல்லி முடித்தாள்.

தலைவி, லிஃப்டைப் பார்க்காமலே ஒப்புதல் கையெழுத்துப் போட்டது தானும்தான் என்று தலைகுனிந்து சொன்னார். முதலில் பேட்டரி, அதற்குப் பிறகுதான் படம் என்றார். இனி முடிவெடுக்கும் கூட்டத்தில் சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் இல்லாமல் ஒரு காகிதமும் நகராது என்றார். அவள் திரும்பிப் பார்த்தபோது அவன் போய்விட்டிருந்தான்.

கடிதத்தில் இருந்த முகவரியைத் தேடிச் சாயங்காலமே போனாள். அக்காதான் கதவைத் திறந்தாள். வாசலிலேயே நின்று, கண்ணைப் பார்க்க முடியாமல், உங்களை நூலக வாசலோடு திருப்பி அனுப்பியது நான்தான், மன்னித்துவிடுங்கள் என்றாள்.

"பாவம்னு எழுதின பாரு, அதுக்குத்தான் எனக்குக் கோவம்," என்றாள் அக்கா. "ஒரு வார்த்தை கேட்டிருந்தா இவனைவிட நல்லா நானே போஸ் குடுத்திருப்பேன்... டேய், ஒளிஞ்சது போதும். வா இங்க."

சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு அக்கா உள்ளே போய்விட்டாள். அவன் வந்து நின்றான்... சுவரைப் பார்த்தபடி.

"முதல் நாளே சொல்லியிருக்கணும்," என்றாள் அவள். "சொன்னா மறுநாள் வரமாட்டீங்க. நீங்க வரலேன்னா என்னால தாங்க முடியாதுன்னு அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு... அவ்வளவு பிடிச்சிருச்சு உங்களை. அசிங்கமா இருக்கு, பொய் சொல்லி உங்களை வச்சுக்கப் பாத்தேன்."

"நான் கோவமாத்தான் இருக்கேன்."

"தெரியும்."

"நாளைக்கும் இருப்பேன்."

"இருங்க."

அவன் மெல்லத் திரும்பி, அடையாள அட்டையைப் பார்த்த பிறகு முதல்முறையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தான்.

"மத்தியானத்துலேர்ந்து நீங்க இல்லாம தனியா கோவப்பட்டுப் பாத்தேன்..." என்றான். "முடியலங்க. கோவமோ என்னவோ, நீங்க பக்கத்துல இருக்கணும் எனக்கு."

அவள் அழுதுகொண்டே தலையாட்டினாள். அவன் வாசலை விட்டு விலகி வழி விட்டான்.