உப்புப் படியாத தொட்டி

“தொட்டியில ஒரு சாண் தண்ணிகூட இல்லீங்க! குச்சிய உட்டுப் பாத்துப்போட்டுத்தான் சொல்றேன். சிறுவாணித் தண்ணி வந்து நாலு நாளுதான் ஆச்சு... எங்கீங்க போச்சு அத்தனையும்?”

லோகப்பிரியாவின் குரல் காலை ஆறரை மணிக்கே பின்னறை வரை வந்தது. கட்டிலில் கிடந்த கணவனின் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்த கீதாவின் கை ஒரு நொடி நின்றது. ஓரகத்தி கேட்டது அவள் புருஷன் கிருபாசங்கரிடம்தான். ஆனால் பதில் சொல்ல வேண்டியவள் யார் என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

போத்தனூரில் இருந்த அந்த வீட்டுக்கு இரண்டு தண்ணீர். குளிக்கவும் துவைக்கவும் போர்த் தண்ணீர். வாயில் வைத்தால் கரிக்கும், பட்ட இடமெல்லாம் வெள்ளையாக உப்புப் படியும். குடிக்கவும் சமைக்கவும் எட்டு நாளுக்கு ஒருமுறை வரும் சிறுவாணி நல்ல தண்ணீர். அதற்குத் தனித் தொட்டி, தனிக் குழாய். அந்த இணைப்புக்காக இரண்டு வருடம் மாநகராட்சி அலுவலகப் படியேறி இறங்கியவன் கீதாவின் கணவன் மனோஜ்குமார்தான். முதல் நாள் தண்ணீர் வந்தபோது அண்ணன் கிருபாசங்கருக்குத்தான் முதல் டம்ளரைக் கொடுத்தான். இப்போது பக்கவாதத்தில் படுத்து மூன்று வருடம்.

சித்திரையில் வீட்டுக் குழாய் முழுவதையும் மாற்றினார்கள். துருப்பிடித்த இரும்புக் குழாய்களைப் பிடுங்கிவிட்டுப் புதிய பிளாஸ்டிக் குழாய்கள். பூவாய்த் தூவும் ஷவர். சிறிதாய் ஒன்று, பெரிதாய் ஒன்று என இரண்டு பொத்தான் வைத்த ஃப்ளஷ் டேங்க். “இனிமேட்டுப் பாதித் தண்ணிதானுங்க செலவு” என்று வருகிற விருந்தாளிகளையெல்லாம் கக்கூசுக்குக் கூட்டிப்போய் அமுக்கிக் காட்டினான் கிருபாசங்கர்.

ஆனால் மிச்சம் ஆகவில்லை. எட்டு நாள் வர வேண்டிய நல்ல தண்ணீர் நான்கே நாளில் தீர்ந்தது.

“குழாய் அத்தனையும் புதுசு. ஒழுக்கு ஒரு சொட்டுக் கெடையாது” என்று பின்னறை வாசலுக்கே வந்துவிட்டாள் லோகப்பிரியா. “அப்பறம் எப்படிம்மணி காலியாகுது? புருசன நல்ல தண்ணியில குளிப்பாட்டறயா?”

“ஐயோ, இல்லீங்க அக்கா... போர்த் தண்ணியிலதானுங்க தொடைக்கறேன். சத்தியமா...”

“உன்ற சத்தியத்த ஊத்திச் சோறாக்க முடியுமா? பக்கத்தூட்டு உஸ்மாவுக்குக் கொடம் கொடமா ஊத்தறயோ என்னமோ! திருட்டுத்தனம் பண்றவ மூஞ்சியில எழுதியா ஒட்டியிருக்கும்?”

“மாமா... நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்க!”

கிருபாசங்கர் செய்தித்தாளை மடித்தான். எழுந்து போய்விட்டான். அன்று மாலை, பூட்டு வைத்த பித்தளைக் குழாய் ஒன்றை வாங்கி வந்து சமையலறையில் மாட்டச் செய்தான். தொட்டி மூடிக்கும் ஒரு பூட்டுப் போட்டான். சாவி லோகப்பிரியாவின் இடுப்புக்குப் போனது. சமையலுக்கு அவளே நின்று பிடித்துக் கொடுத்தாள். பின்னறைக்கு நாளொன்றுக்கு ஒரு குடம்.

அதற்குப் பிறகும் தொட்டி காலியானது.

“கள்ளச்சாவி செஞ்சு வெச்சிருக்கறாளுங்க இவ!” என்றாள் லோகப்பிரியா. குடம், சொம்பாகச் சுருங்கியது.

ஆவணியில் ஒரு முகூர்த்த நாள். எல்லோரும் பல்லடத்தில் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். மனோஜ்குமாருக்குக் காலையிலிருந்தே காய்ச்சல் கொதித்தது. சொம்புத் தண்ணீர் பத்து மணிக்கே கஞ்சியோடு தீர்ந்துவிட்டது.

“கண்ணு... தண்ணி...”

போர்த் தண்ணீரைக் காய்ச்சி ஆற்றி, கரண்டியில் எடுத்து வாயில் விட்டாள். அவன் முகம் சுருங்கியது. தண்ணீர் கடைவாயோரம் வழிந்து தலையணையில் இறங்கியது.

“கரிக்குது... நல்ல தண்ணி... ஒரு வாய்...”

“செத்த பொறுத்துக்குங்க. அக்கா இப்ப வந்துருவாங்க...”

சுவரோரம் போய் உஸ்மாவைக் கூப்பிட்டாள். அந்த வீடு பூட்டியிருந்தது. லோகப்பிரியாவின் கைப்பேசி அடித்து அடித்து ஓய்ந்தது. தெருமுனைக் கடைக்கு ஓடலாம். ஆனால் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தவனை விட்டு எப்படிப் போவாள்? சமையலறைக்கு வந்து அம்மிக் குழவியைத் தூக்கினாள். ஒரே போடு போட்டால் அந்தக் குழாய் உடைந்திருக்கும். ‘திருடி’ என்ற சொல் அவள் கையைப் பிடித்துக்கொண்டது. குழவியைக் கீழே வைத்துவிட்டாள்.

வைத்திருக்கக் கூடாது. வாழ்நாள் முழுக்க அவள் தன்னை மன்னிக்காதது அந்த ஒன்றைத்தான்.

மூன்று மணிக்கு அவன் கேட்பதை நிறுத்தினான். நான்கு மணிக்குக் கல்யாண வீட்டார் பட்டுப்புடவைச் சரசரப்போடு வந்தார்கள். லோகப்பிரியாவின் இடுப்பில் சாவி சிணுங்கியது.

மறுநாளிலிருந்து மனோஜ்குமாரின் படத்துக்கு முன்னால் விளக்கும் ஒரு டம்ளர் தண்ணீரும் வைத்தார்கள். “நல்ல தண்ணியா வெக்கோணும், அதுதான் மொறை” என்று லோகப்பிரியாவே தினமும் பூட்டைத் திறந்து பிடித்து வைத்தாள். உயிரோடு கேட்டவனுக்குத் திறக்காத குழாய் படத்துக்குத் திறந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. “இனி உனக்கு இங்க என்ன இருக்குது? பொள்ளாச்சியில உன்ற அண்ணன் ஊட்டுலயே இருந்துக்க” என்றாள் லோகப்பிரியா. கீதா பையைக் கட்டினாள். கிளம்பும் முன், வழக்கம்போல் ஓரகத்தியின் அறைக் கக்கூசைக் கழுவப் போனாள். ஃப்ளஷ் பொத்தான் சிக்கிக்கொண்டிருந்தது. முதல்முறையாக டேங்க் மூடியைத் தூக்கினாள்.

உள்ளே பளிச்சென்று இருந்தது. ஐந்து மாதத்தில் ஒரு பொட்டு உப்புக்கூட இல்லை. துவைக்கிற குழாயின் முனைச் சல்லடையை மாதாமாதம் ஊசியால் குத்தி உப்பெடுப்பவள் அவள். இங்கே மட்டும் எப்படி?

விரலைத் தண்ணீரில் தொட்டாள். நாக்கில் வைத்தாள்.

இனித்தது.

பொத்தானைச் சரிசெய்யவென்று சொல்லி பிளம்பர் அங்கப்பனை வரவழைத்தாள். எல்லோரும் இருக்கும்போதே கேட்டாள்.

“ஏனுங்க அங்கப்பண்ணா, இந்த பாத்ரூமுக்கு எந்தத் தண்ணிங்க குடுத்திருக்கறீங்க?”

அவர் லோகப்பிரியாவைப் பார்த்தார். “பெரியம்மணி சொன்னதுதானுங்களே... அவங்க மக அக்ஷயா பாப்பாவுக்கு உப்புத் தண்ணியில முடி கொட்டுது, ஷவருக்கு நல்ல தண்ணி லைன் குடுங்க, ஊட்டுல யாருக்கும் சொல்ல வேண்டாம்னாங்க. ஒரே பைப்புதானுங்க... ஃப்ளஷ்ஷுக்கும் அதுலயேதான் போகுது. அன்னிக்கே சொன்னனுங்களே அம்மணி? ‘போனாப் போகுது, ஒடைக்காதீங்க, டைல்ஸ் ஒட்டியாச்சு’ன்னு சொல்லிப்போட்டீங்க.”

கிருபாசங்கர் மனைவி பக்கம் திரும்பினான்.

“தண்ணி எங்க போச்சு, எங்க போச்சுன்னு தெனமும் கேட்டீங்களே அக்கா...” கீதா கை நீட்டிக் காட்டினாள். “இங்கதானுங்க போச்சு. அவரு ஒரு வாய் கேட்டப்பக் குடுக்க முடியாத தண்ணி.”

“இம்புட்டுப் போகும்னு நெனக்கலியே! அது மிச்சம் புடிக்கற சாமான்தானேன்னு... ஐயோ! என்னைக் கொன்னாவது போடு கீதா!”

“என்ற தம்பி கொண்டாந்த தண்ணி...” கிருபாசங்கர் கக்கூஸ் வாசலிலேயே தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தான். “பூட்ட வாங்கியாந்தவன் நான்தான... நான்தான! நீ எங்கயும் போக வேண்டாம் அம்மணி. இந்த ஊடே உன்னோடது...”

லோகப்பிரியா சாவிக்கொத்தை அவிழ்த்துக் கீதாவின் கைக்குள் திணித்தாள். கழுத்தைக் கட்டிக்கொண்டு கதறினாள். கீதா தள்ளவில்லை. அழுகை ஓயும்வரை நின்றாள். பிறகு மெல்ல விலகி, சமையலறைக்குப் போய்ப் பூட்டைத் திறந்து, ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து வந்தாள்.

“அழுது அழுது தொண்டை கட்டிக்கும். குடிங்க அக்கா.”

லோகப்பிரியா வாங்கி வாயில் வைத்தாள். விழுங்க முடியவில்லை. தண்ணீர் கடைவாயோரம் வழிந்து தாடையில் இறங்கியது.

கீதா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். சாவியைப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். பையைத் தோளில் மாட்டினாள்.

“மெதுவாக் குடிங்க” என்றாள். “பொள்ளாச்சி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்குதுங்க.”