பல் பதிந்த வயர்

படம் வந்துவிட்டது, நிறம்தான் வரவில்லை. வீடியோ கேமின் சண்டைக்காரர்கள் இருவரும் திரையில் சாம்பலாக நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். எவன் சிவப்பன், எவன் நீலன் என்று தெரியவில்லை. புது டிவியின் முதுகில் கேம் வயரின் மஞ்சள் பின்னுக்கு மஞ்சள் ஓட்டையே கிடையாது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அதைப் பிடுங்கிப் பச்சை ஓட்டையில் செருகினாள். நிறம் வந்தது. பழைய கேம் பெட்டியிலிருந்து சூடான தூசி வாசனையும், அதற்கடியில் அண்ணனின் வியர்த்த உள்ளங்கை வாசனையும் வந்தன.

அண்ணன் போன மாதம் போய்ச் சேர்ந்தான். துக்க வீட்டில் அவனுடைய சிநேகிதன் ஒருவன் சொன்ன கதைக்கு அத்தனை பேரும் சிரித்தார்கள்.

"தங்கச்சி விளையாடணும்னு அழும். இவன் வயரைச் செருகாம கன்ட்ரோலரைக் குடுத்துடுவான். அதுவும் நீலன் நான்தான்னு உயிரைக் குடுத்து அழுத்திட்டிருக்கும்!"

அம்மாகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். அன்றைக்குத்தான் தங்கைக்கு விஷயமே தெரிந்தது. சிறு வயதில் அவள் தோற்றதெல்லாம் கம்ப்யூட்டர் தோற்றது. ஒரே ஒரு நாள் ஜெயித்து வீடு முழுக்கக் குதித்தாளே, அதுவும் கம்ப்யூட்டர் ஜெயித்தது. செத்தவனைத் திட்டக்கூடாது என்பார்கள். அவள் பல் தேய்க்கும்போதும் திட்டினாள்.

"ஞாயித்துக்கிழமையும் அதுவுமா அதோட என்ன மல்லுக்கட்டு? தூக்கிப் போடேன்," என்றான் கணவன், செருப்பை மாட்டிக்கொண்டே.

"ஒரு தடவை நானே ஜெயிச்சுட்டுப் போடறேன்."

"யாரை ஜெயிக்கப் போற? மச்சான்தான் இல்லையே."

வெந்த புண்ணில் வேல் பாய்ச்சிவிட்டு அவன் வெளியே போனான்.

கன்ட்ரோலர்கள் இரண்டு. ஒன்றின் வயரில் அவளுடைய பால்பற்களின் தடம் இருந்தது. தோற்றால் அதைத்தான் கடிப்பாள். அதை மூலையில் வீசிவிட்டு அண்ணனுடையதை எடுத்துச் செருகினாள். செருகியதை இழுத்தும் பார்த்துக்கொண்டாள். வெயில் கண்ணாடியில் அடிக்காதபடி திரைச்சீலையை மூடி, சோபாவில் உட்கார்ந்தாள்.

அண்ணனுக்குப் பிடித்த சிவப்பனை எடுத்துக்கொண்டாள். கம்ப்யூட்டருக்கு நீலன். ஆனால் அவள் பொத்தானை அழுத்தி ஒரு நொடி கழித்துத்தான் சிவப்பன் கையை ஓங்கினான். பழைய பெட்டியின் படத்தைப் புது டிவி மென்று விழுங்கிக் காட்டுவதற்குள் அடி வாங்கிவிடுகிறான். எரிச்சலோடு ரிமோட்டில் தேடி, டிவியை விளையாட்டுக்கென்று இருந்த அமைப்புக்கு மாற்றினாள்.

சரியாயிற்று. அழுத்தினால் அடித்தான். இன்னும் கொஞ்சம் ஆடியதும், விரல் பொத்தானைத் தொட்டவுடனேயே அடித்தான். பிறகு, தொடுவதற்கு முன்னால்.

அவள் கவனிக்கவில்லை. ஜெயித்துக்கொண்டிருந்தாள். "வாங்குடா! நல்லா வாங்கு!" என்று கத்தினாள். நீலன் சுருண்டு விழுந்தான். சிவப்பன் இரண்டு முறை குதித்து, உட்கார்ந்து எழுந்தான்.

அவள் அதற்கு எதையும் அழுத்தவில்லை.

ஜெயித்தால் அப்படிக் குதிக்க வைப்பது அண்ணனின் வழக்கம்.

அடுத்த சுற்று தொடங்கியது. அவள் கட்டைவிரல்களைத் தூக்கினாள். சிவப்பன் அடித்தான். எட்டி உதைத்தான். டக், டக், டக். பொத்தான்களின் சத்தம். அவள் கையிலிருந்து அல்ல.

பக்கத்திலிருந்து.

திரும்ப முடியவில்லை. குனிந்து தன் கையைப் பார்த்தாள். கன்ட்ரோலரின் வயர் மடியில் சுருண்டு கிடந்தது. அதன் முனை எதிலும் செருகப்படவில்லை. வயரில் பல் தடங்கள். புதிதாக, ஈரமாக.

கேம் பெட்டியிலிருந்து வேறொரு வயர் தரையோடு வந்து, சோபாவில் ஏறி, அவளுக்குப் பக்கத்தில் முடிந்தது. அங்கே மெத்தை பள்ளமாக அமுங்கியிருந்தது.

"அழுத்து, அழுத்து," என்றது அந்தப் பக்கம், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "நீதான் ஜெயிக்கிற."

அவள் விரல்கள் அழுத்த ஆரம்பித்தன.