ஏழாம் பீப்பாய்

ஏழாம் பீப்பாயில் மறுபடியும் நான்கு விரல் குறைந்திருந்தது. அளவுக்கம்பியைத் துடைத்து இன்னொரு தரம் இறக்கிப் பார்த்த மரியரஞ்சனிக்குக் கோபம் தலைக்கேறியது.

ஒஸ்லோவில், ட்வெய்ட்டா குடியிருப்புக்குக் கீழே பழைய தொழிற்கூடமொன்றின் நிலவறையில் அமெரிக்க முறையில் விஸ்கி வடிக்க அவள் ஆறு வருடம் அலைந்திருந்தாள். சோளத்தை அரைத்து, அவித்து, புளிக்கவைத்து, வடித்து, உட்புறம் தீயால் கருக்கிய புது ஓக் பீப்பாய்களில் அடைத்து வைத்திருந்தாள். மரத்தினூடே கொஞ்சம் ஆவியாகும்தான். ஆனால் மற்றவை இரண்டு வருடத்தில் இழந்ததை இது ஒரு கிழமையில் இழந்தது. சாவி அவளைத் தவிர ஒருவரிடம்தான் இருந்தது: வடக்கே பாட்ஸ்பியோர்ட் ஊரின் மீன் தொழிற்சாலையில் முதுகு தேய்ந்து, பிறகு இங்கே வேலைக்கு வந்த மகேசன்.

“எத்தினை நாளாய்க் குடிக்கிறியள், அண்ணை?”

“என்ரை பிள்ளையள் மேலை சத்தியமாய் நான் தொடேல்லை, தங்கச்சி.”

“அப்ப ஆர் குடிச்சது? பீப்பாயோ?”

அவர் கதவுப் பக்கம் பின்வாங்கினார். பீப்பாய்ப் பக்கம் திரும்பவேயில்லை. அது அவளை இன்னும் எரித்தது. சாவியைப் பறித்துக்கொண்டாள்.

“இனி இஞ்சை வரவேண்டாம்.”

“ஓம், போறன். நீங்களும் வெளியிலை வாங்கோ. தனிய நிக்காதேங்கோ.”

அவர் முதுகுக்குப் பின்னால் கதவை அறைந்து சாத்திப் பூட்டினாள். மார்கழி மாதம், மூன்றரை மணிக்கே சன்னல் கறுத்துவிட்டது. மகேசன் தண்ணீர் கலந்திருக்கிறாரா பார்க்கலாமென்று பீப்பாயின் அடைப்பை மறுபடி திறந்து, கண்ணாடிக் குழாயைத் துளைக்குள் இறக்கி, பெருவிரலால் மேல்வாயை மூடி, செம்பொன் நிறத் திரவத்தை எடுத்துக் கிண்ணத்தில் விட்டாள். வனிலா, கருகிய சீனி, ஈரமரம் என்று வாசங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. அவற்றுக்கு அடியில் இன்னொன்று. தூங்கி எழுந்தவரின் வாய்நாற்றம்.

ஒரு மிடறு சுவைத்தாள். முதலில் இனிப்பு. பிறகு புகை. பிறகு வழவழப்பு.

எச்சில்.

துப்பினாள். குழாயைத் துளைக்குள் அப்படியே விட்டுவிட்டு, தொலைபேசியில் மகேசனை அழைத்தாள். பின்னணியில் பஸ்ஸின் அறிவிப்பு கேட்டது.

“வாய் வைச்சே குடிச்சனீங்கள்? மனுசனோ நீங்கள்?”

“தங்கச்சி, அடைப்பைத் திறந்திட்டியளோ?”

“ஓம், திறந்தனான்! அதுக்கென்ன?”

மகேசன் குரலைத் தாழ்த்தினார்.

“அது விழுங்கிற சத்தம் கேக்குதோ?”

கேட்டது.

மடக். மடக்.

மகேசன் பஸ்ஸில் இருந்தார். கதவு பூட்டியிருந்தது. கோபம் இன்னும் நெஞ்சில் கொதித்தது. அதைக் கொட்ட ஆளில்லை.

சத்தம் நின்றது.

குழாய் மெல்ல ஆடியது. கீழே இறங்கியது. ஒரு விரல். இரண்டு விரல். முழுவதும். உள்ளே கண்ணாடி நொறுங்கியது. நிதானமாக மெல்லும் சத்தம்.

வட்டத் துளையை இரண்டு உதடுகள் நிறைத்தன. கரி படிந்த உதடுகள். அவை பிரிந்தன. நாக்கு வெளியே வந்து, விளிம்பில் தெறித்திருந்த சொட்டுகளை நக்கியது. பிறகு நீண்டது, விஸ்கி நனைந்த அவளுடைய விரல்களை நோக்கி.