உள்ளான்கள் உட்காராத இடம்

இரண்டு வருடம் கழித்துக் கடிகாரக்காரர் அந்தப் பறவைகள் சரணாலயத்துக்கு மறுபடி வந்தார். காவலாளி சீட்டைக் கிழிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு தயங்கினார்.

"சார், ஒரு விஷயம். சேத்துல ஒரு எடத்துல மட்டும் உள்ளான் குருவி உக்கார மாட்டேங்குது. ஆள் நின்னா சுத்தி விலகி உக்காருமே, அப்படி."

"எந்த எடம்?"

காவலாளி தலை குனிந்துகொண்டார். அவர் சொல்லவும் வேண்டியிருக்கவில்லை.

கடலோரச் சேற்றுவெளியின் விளிம்பில் இருந்த மரக்குடிலில் போய் உட்கார்ந்து தொலைநோக்கியில் கண்ணை வைத்தார். கடையிலும் அவருக்கு இதே பிழைப்புதான், ஒரு கண்ணில் லென்ஸ், மறு கண் மூடல். "உங்க ஒத்தக் கண்ணுல நான் படணும்னா கடிகாரத்துக்குள்ளதான் போய் உக்காரணும்" என்பாள் மனைவி. வாய் ஓயாதவள். இங்கே வந்தால் மட்டும் வாய்ப்பூட்டு. சத்தம் கேட்டால் பறவைக் கூட்டம் மொத்தமாக எழும்பிவிடும் என்று அவர் போட்ட சட்டம்.

கடைசியாக வந்த அன்றைக்கு அவள் சிப்பி பொறுக்கச் சேற்றில் இறங்கினாள். அவர் உள்ளான்களை ஆயிரத்து இருநூறு வரை எண்ணியிருந்தார்.

"ஏங்க!"

கண்ணை எடுக்காமலே "ஷ்" என்றார்.

"ஏங்க, இங்க பாருங்களேன்."

மறுபடியும் "ஷ்".

மூன்றாவது முறை குரலைத் தணித்துக் கூப்பிட்டாள். சேறு இடுப்புவரை இழுத்திருந்தது. கடல் இத்தனை வேகமாக ஏறும் என்று அவளுக்குத் தெரியாது. அந்த நிலையிலும் அவருடைய பறவைகள் பறந்துவிடக் கூடாதென்று தணித்துத்தான் கூப்பிட்டாள் பாவி. அது அவர் காதில் விழுந்தது. விழுந்தும் எண்ணிக்கொண்டிருந்தார். முடித்துத் திரும்பியபோது அங்கே தண்ணீர் மட்டும் இருந்தது.

இன்று அவர் எண்ண வரவில்லை. அந்தக் குரலுக்குப் பதில் சொல்ல வந்திருந்தார். தொண்டை கிழியக் கத்திச் சொல்ல வேண்டும். பறந்தால் பறக்கட்டும்.

சாயங்கால வெயில் சேற்றின்மேல் மங்கியது. ஆயிரக்கணக்கான உள்ளான்கள் நெருக்கியடித்துக் கொத்திக்கொண்டிருந்தன. நடுவில், ஒரு ஆள் கைநீட்டினால் எட்டும் அளவுக்கு, வெறும் சேறு.

அந்த வெற்றிடம் நகர்ந்தது.

பறவைகள் பறக்கவில்லை. முன்னால் இருந்தவை நடந்து ஒதுங்கி வழிவிட்டன, பின்னால் இருந்தவை வந்து மூடிக்கொண்டன.

குடிலை நோக்கி வந்தது.

சளக். சளக்.

இந்த முறை அவர் கண்ணை எடுத்துவிட்டார். உப்பும் அழுகிய பாசியும் கலந்த வாடை குடிலை நிறைத்தது. பக்கத்தில் பலகை ஒரு ஆள் கனத்துக்கு அழுந்தி முனகியது. அவருக்குப் பயமாக இருந்தது. அதைவிட, மறுபடி போய்விடுவாளோ என்ற பயம் பெரிதாக இருந்தது.

"இங்கதாம்மா இருக்கேன்" என்று கத்த வாயைத் திறந்தார்.

ஈரமான, சில்லிட்ட விரல் ஒன்று அவர் உதட்டின்மேல் வந்து படிந்தது.

"ஷ்... பறந்துடும்ங்க."

சரணாலயத்தை மூடும் நேரத்தில் காவலாளி வந்து பார்த்தபோது கடிகாரக்காரர் சத்தமே இல்லாமல் அழுதுகொண்டிருந்தார். வெளியே ஒரு பறவைகூட எழும்பவில்லை. இத்தனை நாள் காலியாகக் கிடந்த இடத்திலும் உள்ளான்கள் உட்கார்ந்திருந்தன.

"சார், வாங்க, போலாம்" என்றவர், அவர் முகத்தைப் பார்த்ததும் ஓரடி பின்வாங்கினார்.

"ஒதட்டுல என்னங்க சார் சேறு?"

மேலுதட்டிலிருந்து மோவாய்வரை, ஒரு விரல் அகலத்துக்கு, இன்னும் காயாமல் இருந்தது.