ஒன்றாம் எண் எங்கே?

வேலையில் சேர்ந்த முதல் நாள். ஜன்னலோரத்து மேசை காலியாகக் கிடந்ததைப் பார்த்ததும் நம் ஆள் பாய்ந்து போய் உட்கார்ந்துகொண்டான். இவ்வளவு நல்ல இடத்தை ஏன் யாரும் சீண்டவில்லை என்று யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதும் அலுவலகம் அது. முதல் வேலை, தன் லேப்டாப்பிலேயே ஒரு டேட்டாபேஸை நிறுவிக்கொள்வது. வெளியுலகத்தோடு ஒட்டு உறவில்லாத, அவன் மட்டுமே தொடக்கூடிய டேட்டாபேஸ். எதை உடைத்தாலும் கேட்க ஆளில்லை. நிறுவி, நோயாளிகளுக்கென்று ஓர் அட்டவணையும் போட்டான். சோதித்துப் பார்க்க ஒரு பெயர் வேண்டுமே? சட்டென்று வந்தது தங்கையின் செல்லப்பெயர்தான். பெற்றவர்கள் போன பிறகு அவன் தோளில் வளர்ந்தவள். அவளை விட்டால் அவனுக்கு நாதி கிடையாது.

‘குட்டிமா’ என்று அடித்தான். பதிவானது.

எண்: 2.

பதிவுகளுக்கு எண் போடுவது டேட்டாபேஸின் வேலை. புத்தம்புது அட்டவணை என்றால் எண் ஒன்றிலிருந்துதான் தொடங்கும். ஒருமுறை கொடுத்த எண்ணை, அந்தப் பதிவையே அழித்தாலும், வேறு யாருக்கும் கொடுக்காது. அப்படியென்றால் ஒன்றாம் எண்ணில் இருந்தது யார்?

லேப்டாப்பின் காற்றுத்துளையிலிருந்து பினாயில் வாடை வந்தது. வெயில் சுள்ளென்று அடிக்கும் மதியத்தில் அவன் விரல்கள் சில்லிட்டன. எங்கோ சக்கரக் கட்டில் ஒன்று கிறீச்சிட்டபடி உருண்டு வந்து, அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்றது.

திரும்பினான்.

யாருமில்லை.

எல்லாம் பிரமை என்று தலையை உதறிக்கொண்டான். எதிலும் ஒழுங்கு பார்க்கிறவன். அட்டவணையையே புதிதாகப் போட்டுவிடலாம் என்று, முதல் வேலையாக அந்தப் பதிவை அழித்தான்.

கட்டில் உருண்டு விலகிப் போகும் சத்தம் கேட்டது.

பக்கத்து மேசை அக்காவிடம் போனான். “அக்கா, புதுசாதான் போட்டேன். ரெண்டுல ஆரம்பிக்குது.”

அக்காவின் முகம் வெளிறியது. “யார் பேரைப் போட்டே?” என்று கிசுகிசுத்தாள்.

“தங்கச்சி பேரு. அழிச்சிட்டேன்.”

“அழிச்சிட்டியா! உனக்கு முன்னாடி அங்க உக்காந்தவரு, பொண்டாட்டி பேரைப் போட்டு அழிச்சாரு. அன்னைக்கே அவங்க போய்ட்டாங்க. ஏதோ தற்செயல்னு நெனச்சேன்டா தம்பி.”

விழுந்தடித்து ஓடி, பெயரை மீண்டும் அடித்தான். ஏற்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்தான்.

‘அப்படி யாரும் இல்லை’ என்றது திரை.

செல்போன் அடித்தது. தங்கையின் வீட்டுக்காரர். “மச்சான்...” என்றவரால் அதற்கு மேல் பேச முடியவில்லை.

காரியமெல்லாம் முடிந்ததும் வேலையை விட்டான். அந்த லேப்டாப்பைச் சுவரில் அடித்துச் சுக்குநூறாக்கிவிட்டுத்தான் வெளியே வந்தான். அத்தோடு ஒழிந்தது என்று நம்பினான், பாவம். மேசையை மறந்துவிட்டான்.

சில மாதங்கள் கழித்து அந்த அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அழைத்தாள்.

“சார், உங்க இடத்துக்கு வந்திருக்கேன். அக்கா லீவு, அதான் உங்களைக் கேக்கறேன். லேப்டாப் புதுசு, டேட்டாபேஸும் இப்பதான் போட்டேன். ஆனா மூணுல ஆரம்பிக்குது.”

அவன் அவசரமாகக் கேட்டான். “யார் பேரும்மா போட்டே?”

“எங்கம்மா பேரு சார்.”

“அழிச்சிடாதே! கேக்குதா? அழிச்சிடாதேம்மா!”

“ஐயோ, அழிச்சிட்டுத்தானே சார் கூப்பிடறேன்.”

அவள் பக்கத்தில் ஒரு செல்போன் அடிக்கத் தொடங்கியது.

“ஒரு நிமிஷம் சார், வீட்லேருந்து போன்.”