மாமாவுக்காக வாங்கிய எண்ணெய்

"நீங்க கெய்ரோவா?"

டிராம் நிறுத்தத்தில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது, முன்பின் தெரியாத ஒருவன் கேட்ட முதல் கேள்வி இது. நிவீன் சட்டென்று கைப்பேசியைப் பைக்குள் போட்டாள்.

"நான் அலெக்ஸாந்திரியாதான். உங்களுக்கென்ன?"

"அப்படியா... எழுதும்போது மட்டும் கெய்ரோவோ?"

அவள் ஓரடி பின்வாங்கி அவனைப் பார்த்தாள். நனைந்த இமைகளுக்குக் கீழே பெரிய கண்கள்... அதில் இருந்தது சிரிப்பா, மிரட்டலா? கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்து விட்டிருந்தான். எங்கேயோ பார்த்த முகம்! டிராம் வந்ததும் பெண்கள் பெட்டியில் தாவி ஏறிக்கொண்டாள்.

பயப்படாமல் என்ன செய்வாள்? பகலெல்லாம் அவள் வெள்ளைக் கோட்டு போட்ட டாக்டர் நிவீன். எங்கள் ஊரில் மருந்துக்கடையில் நிற்பவரும் டாக்டர்தான். வீட்டுக்கு வந்தால், 'சீட்டில்லா மருந்து' என்ற வலைப்பூவில் 'கெய்ரோவில் ஒருத்தி'. கடைக்கு வருகிறவர்களின் கூத்தையெல்லாம் பெயர் சொல்லாமல் எழுதுவாள். ஊரே படித்துச் சிரித்தது. எழுதுகிறவள் யார் என்று மட்டும் ஒருவருக்கும் தெரியாது.

அன்று காலையில்தான் கடை முதலாளி டாக்டர் ஷௌக்கி அதைப் படித்துவிட்டுக் கொதித்தார்.

"நம்பி வந்து சொல்றவன் ரகசியத்தை நாலு பேர் சிரிக்க எழுதுறதா? அந்தப் பொண்ணு என் கடையில இருந்தா அன்னைக்கே வெளியே அனுப்பிடுவேன்."

அப்படியென்றால் இவன் அவர் வைத்த ஆளா...? வேலை போனால் போகட்டும் என்று சொல்ல முடியுமா? அந்த வெள்ளைக் கோட்டுக்காக அவள் எவ்வளவு படித்திருக்கிறாள்!

மறுநாள் அவன் கடைக்கே வந்தான். புதினா மிட்டாய் கேட்டான்.

"தொண்டை சரியில்லையா?" என்றாள், அவன் முகத்தைப் பார்க்காமல்.

"தொண்டைக்கு ஒண்ணுமில்ல டாக்டர். பேச வேண்டியது ஒண்ணு அங்க மாட்டிக்கிட்டிருக்கு."

அதற்கடுத்த நாளும் வந்தான். இந்த முறை ஷௌக்கியை ஓரமாக அழைத்துப் போய்க் காதோடு காதாக ஏதோ கேட்டான். ஷௌக்கி திரும்பி நிவீனைப் பார்த்துத் தலையாட்டினார். போச்சு... எல்லாம் போச்சு.

இனிமேலும் பொறுக்க முடியாது. டிராம் நிறுத்தத்துக்குப் பக்கத்தில், ஸஹ்லப் என்ற சூடான பால்கூழ் விற்கும் கடையில் அவன் தனியே உட்கார்ந்திருந்தான். நேரே போய் எதிரில் உட்கார்ந்தாள்.

"நேரா கேக்குறேன் உஸ்தாத். யார் அனுப்பினாங்க உங்களை?"

அவன் தொப்பியைக் கழற்றினான். உச்சந்தலை பளபளத்தது.

இப்போது நிவீனுக்கு ஆளைத் தெரிந்தது. மழை நாளில் வந்து, முடி வளரும் எண்ணெய் கேட்டு, "எனக்கில்ல... எங்க மாமாவுக்கு" என்று கிசுகிசுத்து, கறுப்புப் பையில் சுற்றித் தரச் சொன்னவன். அவள் எழுதியதிலேயே ஊர் அதிகமாகச் சிரித்தது அவனைப் பார்த்துத்தான்.

"என் பேரு ஹைதம். எங்க அக்கா அதைச் சாப்பாட்டு மேசையில உரக்கப் படிச்சா. யாரைப் பத்தின்னு அவளுக்குத் தெரியாது. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்... எல்லாரையும் விடச் சத்தமா."

அவளுக்கு வெட்கத்தில் உடம்பு சுருங்கியது. பெயரை விட்டுவிட்டால் போதும், யாருக்கும் வலிக்காது என்று எவ்வளவு எளிதாக நினைத்திருந்தாள்!

"வயசை மாத்தினேன், ஊரை மாத்தினேன்... எப்படித் தெரிஞ்சுது?"

"'மக்னஸா அடிச்ச அன்னைக்கு'ன்னு ஆரம்பிச்சிருக்கீங்க. கெய்ரோக்காரனுக்கு மழைன்னா வெறும் மழைதான். ஒவ்வொரு புயலையும் பேர் சொல்லிக் கூப்பிடறது நம்ம ஊர் ஆளுங்க மட்டும்தானே? அன்னைக்கு எனக்கு எண்ணெய் கொடுத்தது நீங்க."

"ஷௌக்கிகிட்ட... சொல்லிட்டீங்களா?"

"எண்ணெய் பலிக்குமான்னுதான் கேட்டேன். 'அந்தப் பொண்ணு உள்ளதைச் சொல்லுவா, அவளைக் கேளுங்க'ன்னார்."

அது சாட்டையடியை விட வலித்தது.

"அக்கா சிரிச்ச சிரிப்புல கடைசி வரியைப் படிக்காம விட்டுட்டா," என்றான், குரலைத் தாழ்த்தி. "நான் தனியாப் படிச்சேன். 'இந்தக் கண்கள் இருக்கும்போது முடி எதற்கு என்று கேட்க நினைத்தேன். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்பவளுக்கு அந்த உரிமை இல்லை.' இதை எழுதினது டாக்டரா... நிவீனா? அதைக் கேக்கத்தான் சுத்திக்கிட்டிருக்கேன்."

நிவீன் அவன் முன்னாலிருந்த கோப்பையையே பார்த்தாள். ஸஹ்லப் ஆறி ஆடை கட்டியது. எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் காலையில், வாடிக்கையாளர்களைப் பற்றி எழுதிய அத்தனையையும் வலைப்பூவிலிருந்து எடுத்தாள். மன்னிப்புக் கேட்டு நாலு வரி எழுதி, முதல் முறையாகச் சொந்தப் பெயர் போட்டாள். பிறகு ஷௌக்கியிடம் போய், "அந்தப் பொண்ணு நான்தான்," என்றாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"முடி எண்ணெய் கேட்டவனைக் கேலி பண்ணி எழுதினியே, அந்த ஆளு இங்க வந்து, அதே எண்ணெயை வெக்கப்படாம கேக்கட்டும். நம்பிக்கை மிச்சமிருக்குன்னு ஒத்துக்கறேன். சாயங்காலம் வரைக்கும் பாக்குறேன். வரலேன்னா கோட்டைக் கழட்டி வெச்சிட்டுப் போ."

வருவானா? அவனிடம் சொல்ல வழியில்லை. வழி இருந்தாலும் எந்த முகத்தோடு கேட்பாள்? மானமுள்ளவன் எதற்கு வரப்போகிறான்... கதவு திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்தாள். ஏமாந்தாள்.

விளக்கு போடும் நேரத்தில் கதவு திறந்தது. ஹைதம்! கடையில் ஒரே கூட்டம். அவளுடைய நாலு வரியைப் படித்துவிட்டுத்தான் வந்திருந்தான், கண்களே சொல்லின. தொப்பியைக் கழற்றிவிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டான்.

"முடி வளர்ற எண்ணெய் ஒண்ணு கொடுங்க."

நிவீன் அலமாரியிலிருந்து எண்ணெயை எடுத்தாள். "உங்க... மாமாவுக்கா?"

"எனக்கு மாமாவே கிடையாது. எனக்குத்தான்."

உள்ளேயிருந்து ஷௌக்கி எட்டிப் பார்த்தார். நிவீனைப் பார்த்துச் சரியென்று தலையசைத்துவிட்டுத் திரும்பிப் போனார். நிவீனுக்குக் கண்கள் நிறைந்தன.

"பலிக்காது," என்றாள்.

"அது டாக்டர் சொல்றது. நிவீன் என்ன சொல்றாங்க?"

வரிசையே வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தது. பார்க்கட்டுமே...

"நிவீனும் வேண்டாம்னுதான் சொல்றா," என்றாள். "அவளுக்கு... உங்களை இப்படியே பிடிச்சிருக்கு."

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஹைதம் தொப்பியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அவள் வேலை முடிந்து வரும்வரை வாசலிலேயே நின்றான்.