செசிம் செய்த மலை

“செசிம்! நூல்!”

அம்மா கூப்பிட்டால் இந்த இரண்டு சொல்தான். செசிம் ஓடி வந்து தையல் மெஷின் ஊசியில் நூலைக் கோத்துக் கொடுப்பாள். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது இது நடக்கும். அம்மாவின் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. வீட்டில்தான் வெளிச்சம் இல்லை. வாசல் கதவை ஒட்டி ஒரு குட்டி ஜன்னல் உண்டு, அவ்வளவுதான்.

கோடையில் மேய்ப்பர்கள் வந்து தங்கிப் போகும் மண் வீடு அது. குளிர்காலத்தில் அங்கே யாருமே இருந்ததில்லை. அப்பாவுக்கு மலைச் சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டும் வேலை கிடைத்ததால், இவர்கள்தான் முதல் ஆள்.

“குளிர்காலம் முழுக்க இப்படி இருட்டுல தைச்சா, நான் ஆந்தையாத்தான் ஆகணும்,” என்றாள் அம்மா.

அப்பா ஒரு ஜன்னல் வாங்கி வந்தார். ஒன்றே ஒன்று. இன்னொன்று இனி அடுத்த வருஷம்தான்.

எந்தச் சுவரில் வைப்பது? அதைப் பார்த்துச் சொல்லும் பொறுப்பு செசிமுக்கு வந்தது. அவளிடம் ஒரு பழைய லேப்டாப் இருந்தது. பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர் அதில் வீடு கட்டிப் பார்க்கும் இலவச மென்பொருள் ஒன்றைப் போட்டுக் கொடுத்திருந்தார். கோட்டைப் பிடித்து இழுத்தால் சுவர் எழும்பும். தேதியும் மணியும் மாற்றினால் சூரியனே நகரும்!

செசிம் வீட்டை அப்படியே கட்டினாள். வாசலுக்கு எதிர்ச்சுவரில் அம்மாவின் சீதன மெத்தைகள், கூரை வரைக்கும். அதன் முன்னால் விருந்தாளிகளை உட்கார வைக்கும் மரியாதையான இடம், தோர். தேநீருக்கு வெந்நீர் காயும் சமோவார் வாசலோரம். சமோவாருக்குப் பக்கத்தில் ஒரு பொம்மை. அதுதான் அம்மா. விருந்தாளி வந்தாலும் வராவிட்டாலும் அம்மா அங்கேதான் உட்காருவாள்.

பிறகு டிசம்பர் மாதம் என்று போட்டு, மணியை மெல்ல நகர்த்தினாள். இடது சுவரில் அவள் வைத்த ஜன்னல் வழியாக வெயில் உள்ளே வந்தது. தரைவிரிப்பில் ஏறியது, மேசைக்குத் தாவியது, தேநீர்க் கிண்ணத்தைத் தொட்டது. செசிமுக்கு அந்த வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

“இடது சுவர்தான்!” என்றாள் அம்மா சந்தோஷமாக. “நாளைக்கு வீடு கட்டுற உஸ்தா வந்ததும் இடிக்கச் சொல்லிடலாம்.”

தம்பி அலிமுக்கு மட்டும் திருப்தி இல்லை. “எஜே, நம்ம குதிரை எங்க?” என்று அக்காவைக் கேட்டான்.

“இது வீட்டுக்கான மென்பொருள்டா. சோபா இருக்கு, விளக்கு இருக்கு. குதிரை கிடையாது.”

“குதிரை இல்லாம என்ன வீடு?” அலிம் உதட்டைப் பிதுக்கினான்.

அழுதுவிடப் போகிறானே என்று செசிம் மென்பொருளில் ஆறு பெட்டி வடிவங்களை ஒட்டி ஒரு குதிரை செய்தாள். அதை நிறுத்த, திரையில் இருந்த வீட்டுக்கு வெளியே போனாள். அங்கே தரை நாலு பக்கமும் சாம்பல் நிறத்தில் விரிந்து கிடந்தது.

“ஐயோ பாவம், இது எங்க போய் மேயும்? மலையையே காணோமே!” என்றான் அலிம்.

செசிமுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆமாம், மலை எங்கே? நிஜ வீட்டின் இடது பக்கம் வானத்தில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கிறதே! கோடையில் சூரியன் உச்சியில் போனது. குளிர்காலத்தில் தாழ்ந்து போகுமே. மலையைத் தாண்டுமா?

மலை எவ்வளவு உயரத்துக்கு மறைக்கிறது என்று அளக்க, அவள் பாகைமானியில் நூலைக் கட்டி, நூல் நுனியில் ஒரு இரும்பு நட்டைத் தொங்கவிட்டாள். வீட்டைச் சுற்றி வந்து, பாகைமானியின் விளிம்பு வழியாக ஒரு கண்ணை மூடி மலையின் உச்சியைப் பார்த்தாள். முப்பது பாகை. இன்னும் தள்ளி, முப்பத்திரண்டு. வீட்டின் பின்பக்கம் வந்தபோது, அங்கே மட்டும் மலை சேணம் மாதிரி வளைந்து தாழ்ந்திருந்தது. எட்டே பாகை.

மென்பொருளில் மலை இல்லை என்றால் என்ன? குதிரை மட்டும் இருந்ததா? செசிம் ஒரு மலை செய்தாள். சேணப் பள்ளத்தையும் விடவில்லை.

இப்போது டிசம்பரில் மணியை நகர்த்தினாள். இடது ஜன்னல் காலையிலும் இருட்டு, நண்பகலிலும் இருட்டு. வீடே தூங்குவது போல் கிடந்தது. மூன்றேகால் மணிக்குச் சூரியன் சேணத்தில் வந்து உட்கார்ந்தது. வெளிச்சம் நேராக வீட்டின் பின்சுவரில் விழுந்தது. மெத்தைகள் அடுக்கியிருக்கும் அதே சுவரில்!

மறுநாள் காலை கீழ் ஊரிலிருந்து ஜோல்தோஷ் உஸ்தா கடப்பாரையோடு வந்தார். செசிம் சொன்னதைக் கேட்டு அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“தோர்ல ஓட்டை போடறதா? அறுபது வீடு கட்டிட்டேன், இப்படி ஒரு கூத்தைப் பார்த்ததில்லை!”

“எங்கம்மா குடுத்த மெத்தைங்க. அதை நகர்த்தினா விருந்தாளிங்க என்ன நினைப்பாங்க?” என்றாள் அம்மா. “அதோட, நேத்து இடதுன்னு சொன்னதும் நீதானே?”

“நேத்து நான் மலையை மறந்துட்டேன்மா. தப்பு என்னுதுதான்.”

“இன்னிக்கு எதை மறந்தியோ!” என்றார் உஸ்தா, கடப்பாரையைத் தூக்கியபடி.

கடப்பாரை இடது சுவர்ப் பக்கம் திரும்பியது. இடித்துவிட்டால் குளிர்காலம் முழுக்க அம்மா இருட்டில்தான்.

“ஒரு நிமிஷம் உஸ்தா! இன்னிக்குச் சூரியன் மலைக்கு மேல எப்போ வரும்னு இதுல பார்த்துச் சொல்றேன். தப்பாப் போனா இடது சுவரையே இடிச்சிடுங்க.” அவள் அன்றைய தேதியைப் போட்டாள். “பத்து நாற்பதுக்கு!”

“சரி, அதுவரைக்கும் தேநீர் ஊத்து,” என்று உஸ்தா உட்கார்ந்துவிட்டார்.

பத்தரைக்கு எல்லாரும் முற்றத்தில் நின்றார்கள். பத்து நாற்பது ஆயிற்று. மலை அப்படியே இருந்தது. உஸ்தா கடிகாரத்தைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார்.

பத்து நாற்பத்து மூன்றுக்கு மலையின் விளிம்பில் ஒரு பொறி தெறித்தது. அலிம் தும்மினான். எல்லார் முகத்திலும் வெயில்!

“அடேங்கப்பா!” உஸ்தா தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். “மூணு நிமிஷந்தான் பிசகு. தங்கச்சி, உன் பொண்ணு சொல்றதைக் கேளு.”

அம்மா லேப்டாப்பின் முன்னால் குனிந்தாள். செசிம் திரையில் மெத்தைகளை இடது சுவருக்கு நகர்த்தினாள். பின்சுவரில் ஜன்னலை வைத்தாள். வாசலோரம் இருட்டில் இருந்த பொம்மையை மெல்ல இழுத்துக்கொண்டு போய், வெயில் விழும் இடத்தில் தையல் மெஷினோடு உட்கார வைத்தாள்.

“நான் தோர்லயா?” அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “அப்ப விருந்தாளிங்க?”

“உன் பக்கத்துல.”

அம்மா எழுந்து மேல் மெத்தையைத் தூக்கினாள். “நின்னு வேடிக்கை பார்க்காம ஒரு கை பிடிங்க!”

டிசம்பரில் வெளியே எல்லாம் வெள்ளையாகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, செசிம் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றேகால். சேணத்தில் சூரியன் வந்து உட்கார்ந்தது. வெயில் ஜன்னல் வழியே இறங்கி, மெஷின் மேல் ஏறி, அம்மாவின் கைகளில் தங்கியது.

நூல் தீர்ந்துவிட்டது. செசிம் பழக்கதோஷத்தில் ஓடி வந்தாள்.

“நீ போய் விளையாடு, என் குதிரைக்குட்டி,” என்றாள் அம்மா. நூல் நுனியை நாக்கில் நனைத்து, ஒரே தடவையில் ஊசியில் கோத்துவிட்டாள்.